பதினெட்டு நிறைந்த பிள்ளை பாதுகாப்பிடத்தில் இருக்கிறான்: படிவம் 6 கொடுக்கலாமா?

கேள்வி, 7 அக்டோபர் 2023

என் தங்கை மகன் ஒரு வழக்கில் சிக்கி, இப்போது அரசின் பாதுகாப்பிடத்தில், அதாவது வழக்கில் சிக்கிய இளையோரைச் சிறைக்கு அனுப்பாமல் வைக்கும் இல்லத்தில் இருக்கிறான். வழக்கு வந்தபோது அவனுக்கு வயது பதினேழு. இந்த ஆகஸ்டில் பதினெட்டு நிறைந்துவிட்டது. ஊர் வாக்காளர் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்துவிட வேண்டும் என்று தங்கை ஆசைப்படுகிறாள். விசாரித்த இடத்தில், "உள்ளே இருப்பவனுக்கு ஓட்டுக் கிடையாது, வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதானா?

8 அக்டோபர் 2023

சரியில்லை. நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பணியில் இருந்தபோது பதினொரு ஆண்டுகள் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு பாதுகாப்பிடத்துக்குப் போய், பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஆகவே இந்தக் கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் தெரிந்த ஒன்று.

பட்டியலில் பெயர் சேர்ப்பது ஒன்று, வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களிப்பது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. பெயர் சேர்ப்பதை 1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. அதன் 16 ஆவது பிரிவில் பெயர் சேர்க்கத் தகுதியில்லாதவர்கள் யார் என்று சொல்லியிருக்கிறது: இந்தியக் குடிமகன் அல்லாதவர், மனநலம் சரியில்லை என்று நீதிமன்றம் அறிவித்தவர், தேர்தல் முறைகேட்டாலும் தேர்தல் குற்றத்தாலும் வாக்குரிமை தடைபட்டவர். வழக்கில் இருப்பவர் என்றோ, காவலில் இருப்பவர் என்றோ, தண்டனை பெற்றவர் என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை.

உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் மனத்தில் வைத்திருந்தது 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62(5) ஆவது பிரிவு. சிறையில் அடைக்கப்பட்டிருப்பவரும் காவல்துறையின் பிடியில் இருப்பவரும் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கக் கூடாது என்கிறது அது. பெயர் சேர்ப்பதைப் பற்றி அது பேசவே இல்லை. 2013 ஜூலையில், பாட்னாவிலிருந்து போன ஒரு வழக்கில், சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது என்பதால் அவர் வாக்காளரே அல்ல, ஆகவே போட்டியிடவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வாக்களிக்கத் தடை இருக்கிறது என்ற காரணத்தால் பட்டியலில் பெயர் உள்ள ஒருவர் வாக்காளர் என்ற தகுதியை இழக்க மாட்டார் என்று சேர்த்தது. தாங்கள் தேர்தலில் நிற்பதற்காகத்தான் பெரியவர்கள் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் பயன் உங்கள் தங்கை மகனுக்கும் உண்டு.

பதினெட்டு நிறைந்துவிட்டதா என்று கணக்கிடும் நாளைத் தகுதி நாள் என்பார்கள்; ஆகஸ்டில் பதினெட்டு நிறைந்திருந்தால் அக்டோபர் 1 தகுதி நாளிலேயே அவன் தகுதி பெற்றுவிட்டான். முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாள். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாளாகிவிட்டன. புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 வாங்கி, விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர்கள் விடுதி முகவரியைக் கொடுப்பது போல, பாதுகாப்பிடத்தின் முகவரியைக் கொடுத்து விண்ணப்பித்துவிடலாம்.

9 அக்டோபர் 2023

நேற்று எழுதியதன் கடைசி வரி தவறு. அதைப் படித்துவிட்டு யாரும் அப்படிச் செய்துவிட வேண்டாம் என்பதற்காகக் காலையிலேயே எழுதுகிறேன்.

இரவு 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து 20 ஆவது பிரிவை மறுபடியும் வாசித்தேன். சிறையிலோ வேறு சட்டபூர்வமான காவலிலோ ஓரிடத்தில் வைக்கப்பட்டிருப்பவர், அந்தக் காரணத்தால் மட்டும் அவ்விடத்தில் வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 20(2) சொல்கிறது. பாதுகாப்பிடம் சிறை அல்ல என்றாலும் சட்டபூர்வமான காவல் என்ற சொல்லுக்குள் நிச்சயம் வரும். விடுதி மாணவன் தானாக விரும்பி விடுதிக்குப் போனவன். இவனைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணியது என் பிழை.

அதே பிரிவில், 20(1அ) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. தன் வழக்கமான குடியிருப்பிலிருந்து தற்காலிகமாக வெளியே இருப்பவர், அதனால் மட்டும் அங்கே குடியிருப்பவர் என்ற நிலையை இழந்துவிட மாட்டார் என்கிறது அது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், அவன் எத்தனை மாதங்கள் உள்ளே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவன் குடியிருப்பது உங்கள் தங்கையின் வீட்டில்தான். ஆகவே படிவத்தில் தங்கை வீட்டு முகவரியை எழுதுங்கள்; அந்தத் தொகுதியின் பட்டியலில், அந்தத் தெருவின் பாகத்தில், அவன் அம்மாவின் பெயருக்கு அருகில் அவன் பெயர் வர வேண்டும்.

பல ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதிய எனக்கு இந்த இரண்டு உட்பிரிவுகளும் அப்போது மனத்தில் பதியாமல் போனது வருத்தமாக இருக்கிறது. "பையன் எங்கே?" என்று கேட்டு, தாய் தலையைக் குனிந்துகொண்ட வீடுகளில், நான் மேலும் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். சங்கடப்படுத்தக் கூடாது என்று அப்போது நினைத்தேன்; அப்படி எத்தனை பெயர்களை எழுதாமல் விட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

14 அக்டோபர் 2023

இன்று சனிக்கிழமை. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன். பதினோரு பேர் படிக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் பதினெட்டைத் தாண்டியவர்கள். வயது வந்த பிள்ளைகள் அங்கே ஏன் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, செயல் நடந்த நாளில் வயது என்ன என்பதுதான் கணக்கு. விசாரணை நடக்கும்போது பதினெட்டு நிறைந்துவிட்டாலும் குழந்தையாகவே கருதி விசாரணை தொடரும். அப்படிப்பட்டவர்களையும், கொடிய குற்றம் சாட்டப்பட்ட பதினாறு முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களையும் வைக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு பாதுகாப்பிடமாவது ஏற்படுத்த வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தண்டனைக் காலம் மிச்சமிருந்தாலும் இருபத்தொன்று வரை பிள்ளையைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. ஆக, பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரையிலான அந்த மூன்று ஆண்டுகள்தான் நம் பேச்சு. முதல் வாக்கைச் செலுத்த வேண்டிய வயதும் அதுதான்.

"வாக்காளர் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கா?" என்று கேட்டதும் ஒருவன், "லிஸ்ட்டா டீச்சர்? எங்க பேரு இருக்கிற லிஸ்ட்டெல்லாம் ஸ்டேஷன்லதான் இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரிந்த பட்டியல், திருவிழாவுக்கு முன்பும் தலைவர் வருகைக்கு முன்பும் பிடித்துக்கொண்டு போவதற்கான பட்டியல். பெயர் எழுதுகிறார்கள் என்றாலே அவனுக்குக் கெட்ட செய்திதான்.

ஒன்பது பேரில் ஒருவனுடைய பெயரை அவன் தாய் போன ஆண்டே சேர்த்துவிட்டாராம். மற்ற எட்டுப் பேருக்கும் இல்லை. பதினேழு வயதும் சில மாதங்களும் ஆன ஒருவன், "எனக்கு?" என்று கையைத் தூக்கினான். அவனும் கொடுக்கலாம். பதினேழு நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்க இப்போது வழி இருக்கிறது. பிப்ரவரியில் அவனுக்குப் பதினெட்டு நிறைகிறது என்பதால் ஏப்ரல் 1 தகுதி நாளுக்கு அவன் பெயர் எடுத்துக்கொள்ளப்படும்.

15 அக்டோபர் 2023

குற்றம் செய்தவனுக்கு ஓட்டு எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் வகுப்பில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு விசாரணையே முடியவில்லை. முடிந்தவர்களைப் பற்றியும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 24 ஆவது பிரிவு, தண்டனையோடு ஒட்டிவரும் எந்தத் தகுதியிழப்பும் குழந்தைக்கு ஒட்டக் கூடாது என்கிறது. குழந்தைகள் நீதிமன்றம் வயது வந்தவரைப் போல விசாரித்துக் குற்றம் உறுதி செய்தவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கும் பெயர் சேர்க்கத் தடையில்லை என்பதை முன்பே எழுதிவிட்டேன். ஆயுள் தண்டனை பெற்ற பெரியவருக்கே நம் நாட்டில் சிறை வாசலைத் தாண்டிய நாளில் வாக்கு திரும்பிவிடுகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் அதைவிடக் கடுமையாக நடந்துகொள்ள நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

29 அக்டோபர் 2023

வரைவுப் பட்டியல் 27 ஆம் தேதி வெளியாகிவிட்டது. பெயர் சேர்க்க டிசம்பர் 9 வரை நேரம் இருக்கிறது. நவம்பரில் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிகளில் முகாம் நடக்கிறது.

இல்லத்துப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டேன். மேலிடத்தில் எழுத்து மூலம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் கெட்டவர் அல்லர். தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையின் கையெழுத்து ஏதோ ஒரு தாளில் போனால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் அவருக்கு. சட்டப் பிரிவுகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் விளக்கமும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை அவர் இரண்டு முறை வாசித்தார். "வாக்களிக்க அழைத்துப் போகச் சொல்லவில்லையே?" என்று மட்டும் கேட்டார். "இப்போது இல்லை" என்றேன்.

5 நவம்பர் 2023

அனுமதி வந்துவிட்டது, வாய்மொழியாக.

இணையத்தில் விண்ணப்பிப்பது எளிது என்று நண்பர்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கைபேசியும் அதில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வேண்டும். பிள்ளைகளிடம் கைபேசி கிடையாது. தாளில்தான் எழுத வேண்டும். கைபேசி எண் கேட்கும் இடத்தில் பெற்றோரின் எண்ணை எழுதலாம், படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆதார் எண் தருவது கட்டாயமில்லை. இல்லாதவர்கள் இல்லை என்று குறிக்கலாம். வயதுக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ போதும். முகவரிக்கு மின்கட்டண ரசீதோ வங்கிப் புத்தகமோ பெற்றோர் பெயரில் இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே பெயர் உள்ள ஒருவரின் வாக்காளர் அட்டை எண்ணையும் எழுதினால் அதே பாகத்தில் சேர்ப்பது அலுவலருக்கு எளிது.

19 நவம்பர் 2023

நேற்று படிவம் எழுதினோம். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மாலை மூன்றரைக்குத்தான் எழுந்தோம்.

புகைப்படத்துக்குப் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். இல்லத்தில் எல்லாச் சுவரும் இடுப்பளவுக்கு நீலம், மேலே மஞ்சள். சமையல்காரர் தன் வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்து எடுத்து வந்து, இரண்டு ஜன்னல் கம்பிகளில் கட்டிவிட்டார். ஒரே ஒரு சட்டை நன்றாக இருந்தது. கட்டம் போட்டது, காலர் நிமிர்ந்தது. முதலில் நின்றவன் படம் எடுத்து முடிந்ததும் கழற்றி அடுத்தவனிடம் கொடுத்தான், அவன் அடுத்தவனிடம். எட்டுப் படங்களிலும் அதே சட்டைதான். காவல் நிலையத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற படத்தைத் தவிர வேறு படமே எடுத்துக்கொள்ளாத பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். சிரிக்கலாமா என்று கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கலாம் என்றேன்.

முகவரி எழுதும்போதுதான் நேரம் போனது. ஒருவன் கதவு எண் தெரியாமல், "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால, அடிபம்புப் பக்கத்து வீடு" என்று எழுதியிருந்தான். பட்டியலில் அவன் அப்பா பெயரைத் தேடி, கதவு எண்ணைப் படித்துக் காட்டியதும், "எங்க வீட்டுக்கு நம்பர் இருக்கா டீச்சர்?" என்று ஆச்சரியப்பட்டான்.

உறுதிமொழியில் ஒரு வரி வரும்: மேற்கண்ட முகவரியில் எந்த ஆண்டு, எந்த மாதத்திலிருந்து வழக்கமாகக் குடியிருக்கிறேன் என்பது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்றும் கீழே அச்சிட்டிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் அதை வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். இன்னொரு வழக்கு வேண்டாம் என்றான். 20(1அ) உட்பிரிவை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மெதுவாக, எழுத்துக் கூட்டி, தற்காலிகமாக என்ற சொல்லில் நின்று, மறுபடி முதலிலிருந்து வாசித்தான். "அப்போ நான் இன்னமும் அங்கதான் இருக்கேனா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "பொறந்த மாசத்தையே எழுதட்டுமா டீச்சர்? அதே வீட்டுலதான் பொறந்தேன்" என்றான். எழுதினான்.

ஒருவனுக்கு மட்டும் எழுத முடியவில்லை. தாயும் தந்தையும் இல்லாதவன். வளர்த்த பாட்டி போன ஆண்டு இறந்துவிட்டார். அவர் இருந்த வாடகை வீட்டில் இப்போது வேறு யாரோ. ஆதரவற்றவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரின் பெயரை எழுதப் படிவத்தில் இடம் இருக்கிறது. முகவரிக்கு என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. மற்றவர்கள் எழுதி முடிக்கும் வரை அவன் கோந்துப் புட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிவத்திலும் படத்தை ஒட்டிக் கொடுத்தான்.

20 நவம்பர் 2023

இல்லத்திலேயே பெரிய விழாவாக நடத்தி, பத்திரிகைக்காரர்களை அழைத்தால் மற்ற மாவட்டங்களுக்கும் முன்மாதிரியாக இருக்குமே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆவது பிரிவு, வழக்கில் உள்ள குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அச்சட்டத்துக்கு அஞ்சி மட்டும் சொல்லவில்லை. வாக்காளர் பட்டியல் எல்லோரும் பார்க்கக்கூடிய ஆவணம். அதில் இந்தப் பிள்ளையின் பெயர் ஊரார் பெயர்களோடு எந்த அடையாளமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே வீட்டு முகவரியைத் தேடித் தேடி எழுதினோம். இல்லத்து முகவரியை எழுதச் சொன்ன என் முதல் நாள் யோசனை எத்தனை கேடாக முடிந்திருக்கும் என்பது இதை எழுதும்போதுதான் முழுதாக உறைக்கிறது.

3 டிசம்பர் 2023

படிவங்களைப் பெற்றோரே முகாமில் கொடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டு விசாரணை நடக்கிறது. நான் பயந்தது நடந்துவிட்டது. ஒரு கிராமத்தில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் போனபோது வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், "அந்தப் பையன் இங்கே இல்லையே, உள்ளே இருக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். அலுவலர் குடியிருக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அந்த வேலையில் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அலுவலர் வரும்போது வீட்டில் ஒருவர் இருங்கள். "மகன் எங்கே?" என்று கேட்டால், "தற்காலிகமாக வெளியூரில் இருக்கிறான், இதுதான் அவன் வீடு" என்று சொல்லுங்கள். அது உண்மை, அதற்கு மேல் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போன பிள்ளையைப் பற்றி நாம் அப்படித்தானே சொல்கிறோம்?

23 ஜனவரி 2024

இறுதிப் பட்டியல் நேற்று வந்துவிட்டது. பதினெட்டு நிறைந்து விண்ணப்பித்த ஏழு பேரில் ஆறு பேருடைய பெயர்கள் இருக்கின்றன. அந்தக் கிராமத்துப் பிள்ளையின் படிவம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. பிப்ரவரியில் பதினெட்டு நிறைபவனுடைய விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: உங்கள் தங்கை மகனின் பெயர் வந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். வரிசை எண்ணில் அவன் அம்மாவுக்கு அடுத்து வந்திருக்கிறான் என்றீர்களே, அந்த வரியைப் பல முறை வாசித்தேன்.

சனிக்கிழமை ஆறு பேருக்கும் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். மற்றவர் பெயர்கள் இருப்பதால் அதை அவர்களிடம் விட்டுவிட்டு வர மாட்டேன்.

10 பிப்ரவரி 2024

நிராகரிப்பைப் பற்றி. பதிவு அலுவலரின் உத்தரவை எதிர்த்துப் பதினைந்து நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பிள்ளையின் தந்தை சுமைதூக்கும் தொழிலாளி. ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். மகன் வழக்குக்காக ஏற்கெனவே மாதம் இரண்டு நாள் அவர் இழந்துகொண்டிருக்கிறார். ஆகவே மேல்முறையீட்டை விட்டுவிட்டுப் புதிதாகப் படிவம் 6 கொடுக்கச் சொன்னேன். இந்த முறை நானே அந்த வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பார்த்துப் பேசினேன். அவர் அங்கன்வாடிப் பணியாளர், நாற்பது வயதுப் பெண்மணி. 20 ஆவது பிரிவைக் காட்டியதும், "இப்படி இருக்குன்னு எங்களுக்குப் பயிற்சியில சொல்லலையே அக்கா" என்றார். எனக்கும் யாரும் சொன்னதில்லை என்றேன்.

ஆனாலும் மேல்முறையீடு செய்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. எழுத்தில் ஓர் உத்தரவு வந்திருந்தால் அடுத்த பிள்ளைக்கு அதைக் காட்டியிருக்கலாம். அந்த ஒரு நாள் கூலியை நாம் நாலு பேர் சேர்ந்து கொடுத்திருக்க முடியாதா? எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

11 பிப்ரவரி 2024

வெளிநாடுகளில் எப்படி என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளையோர் நீதிமன்றத்தின் தீர்ப்பு குற்றத் தண்டனையாகவே கருதப்படாது. பதினாறு வயதிலேயே முன்பதிவும் செய்துகொள்ளலாம். தென்னாப்பிரிக்காவில் கைதிகளின் வாக்குரிமையைப் பறித்த சட்டத்தை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2004 இல் செல்லாதென அறிவித்தது. அங்கே தேர்தல் ஆணையமே சிறைக்குள் போய்ப் பதிவும் வாக்குப்பதிவும் நடத்துகிறது. நாம் கேட்பது அதைவிட மிகச் சிறியது.

17 மார்ச் 2024

நேற்று தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் மாற்றம் செய்ய முடியாது; சுமைதூக்கும் தொழிலாளியின் மகனுடைய பெயர் போன வாரம் சேர்ந்துவிட்டதால் நிம்மதி.

இனி, ஒத்திவைத்திருந்த கேள்வி: பட்டியலில் பெயர் இருக்கிறது, வாக்களிக்க முடியுமா? 62(5) இன் சொற்களை எடுத்துப் பாருங்கள். சிறையில் அடைக்கப்பட்டிருப்பவர் என்கிறது, காவல்துறையின் சட்டபூர்வமான பிடியில் இருப்பவர் என்கிறது. இளைஞர் நீதிச் சட்டமோ பாதுகாப்பிடம் என்பதற்கு இலக்கணம் சொல்லும்போதே, காவல் நிலைய அறையோ சிறையோ அல்லாத ஓர் இடம் என்று சொல்கிறது. இரண்டையும் நேராக வாசித்தால் அந்தத் தடை இந்தப் பிள்ளைகளைத் தொடவில்லை என்றே நான் நம்புகிறேன். 1997 இல் 62(5) செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது சொன்ன காரணங்களில், கைதிகளை அழைத்துச் செல்லப் போதிய காவலர்கள் இல்லை என்பதும் ஒன்று. எட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காரணமும் பொருந்தாது.

ஆனால் சொல் தடுக்காவிட்டாலும் பூட்டிய கதவு தடுக்கிறது. தபால் வாக்கு இவர்களுக்கு இல்லை. படைவீரர்கள், தேர்தல் பணியில் உள்ளவர்கள், எண்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றோர் ஆகியோருக்கு இருக்கிறது. தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கும் இருக்கிறது: 62(5) இன் தடை அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவே விலக்குக் கொடுத்திருக்கிறது. அதாவது, வேறு வழக்கில் ரிமாண்டில் இல்லாமல் குண்டர் சட்டத்தின்கீழ் மட்டும் உள்ளே இருக்கும் பெரியவர் தபாலில் வாக்களிக்கலாம். விசாரணை முடியாத பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த உறை வராது. இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 98 ஆவது பிரிவில் ஒரு வழி தெரிகிறது. தேர்வு, உறவினர் திருமணம், சாவு, பெற்றோரின் கடும் நோய் போன்ற சமயங்களில், மேற்பார்வையோடு, பொதுவாக ஏழு நாட்களுக்கு மிகாமல் வெளியே போய்வர, இந்தப் பிள்ளைகளின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அனுமதி தரலாம். தேர்தல் அந்தப் பட்டியலில் இல்லை. போன்ற என்ற சொல் இருக்கிறது. ஒரே தொகுதியைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்காக மனு எழுதி, வழக்கறிஞர் ஒருவர் மூலம் கொடுத்திருக்கிறோம்.

20 ஏப்ரல் 2024

மனுவின்மேல் உத்தரவு வரவில்லை. நேற்று மாலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்துவிட்டது.

பட்டியலில் சேர்ந்தவர்களில் இருவர் இதற்கிடையே வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாததால் விடுப்புக் கேட்கத் தயங்கி ஊருக்குப் போகவில்லை. இன்னொருவன், படிவத்தில் பிறந்த மாதத்தை எழுதியவன், காலை ஏழேகால் மணிக்கே வரிசையில் நின்று வாக்களித்திருக்கிறான். அவன் தாய் தொலைபேசியில் சொன்னார். பூத் ஸ்லிப்பைக் கொடுத்ததும் அலுவலர் பெயரைச் சத்தமாக வாசித்தாராம். கட்சி முகவர்கள் தங்கள் தாளில் கோடு போட்டுக்கொண்டார்களாம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். "அவ்வளவுதாம்மா, எல்லாரையும் மாதிரியே கூப்பிட்டாங்க" என்று வீட்டுக்கு வந்து சொன்னானாம். மை வைத்த விரலைச் சாப்பிடும் வரை கழுவவில்லை என்று சொல்லித் தாய் அழுதார்.

27 ஏப்ரல் 2024

இன்று வகுப்பில், உள்ளே இருந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. நான்தான் பேச்சை எடுத்தேன். மனு என்ன ஆயிற்று என்று ஒருவன் கேட்டான். பதில் வரவில்லை என்றேன். "அடுத்த எலெக்‌ஷன் எப்போ டீச்சர்?" என்றான். 2026 இல் சட்டமன்றத்துக்கு என்றேன். அவன் விரல் விட்டு எண்ணி, அதற்குள் தனக்கு இருபத்தொன்று முடிந்துவிடும் என்றான். அப்போது அவன் வீட்டில் இருப்பானா, சிறைக்கு மாற்றப்பட்டிருப்பானா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். எங்கே இருந்தாலும் பட்டியலிலிருந்து அவன் பெயரை அந்தக் காரணத்துக்காக எடுக்கக் கூடாது என்று அவனிடம் சொன்னேன். அவன் தாயிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆண்டுதோறும் வரைவுப் பட்டியல் வரும்போது அவர் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

6 ஜூலை 2024

ஏப்ரல் தகுதி நாளுக்கு விண்ணப்பித்தவனின் பெயரும் சேர்ந்து, அடையாள அட்டை அஞ்சலில் அவன் வீட்டுக்கே வந்துவிட்டது. கட்டம் போட்ட சட்டையோடு இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் சட்டைம்மா?" என்று அவன் தங்கை கேட்டிருக்கிறாள். அட்டையை ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருப்பதாக அவன் தாய் சொன்னார்.

முகவரி இல்லாதவனைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பாட்டியின் தம்பி ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார் என்று நன்னடத்தை அலுவலர் கண்டுபிடித்திருக்கிறார். வெளியே வந்தால் தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவர் எழுத்தில் கொடுத்துவிட்டார். ஆனால் இவன் அங்கே ஒரு நாளும் குடியிருந்ததில்லை, ஆகவே 20(1அ) உதவாது. பொய்யாக எழுதவும் மாட்டோம். இவனுக்கு ஆகஸ்ட் இறுதியில் விடுதலை. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்டோபர் 1 தகுதி நாளுக்குக் கொடுக்கலாம். படிவத்தில் பெயர், பிறந்த தேதி, கையெழுத்து எல்லாம் அவன் எழுதிவிட்டான்; படத்தையும் அவனே ஒட்டிவிட்டான். முகவரிக் கட்டத்தை மட்டும் விட்டு, படிவத்தை என் பையில் வைத்திருக்கிறேன்.